அறுபது அடியில் முடிந்துபோகும் பந்தயம்

1998-ம் வருடம், கலிபோர்னியாவில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரைத் தாண்டி, பாலைவனக் காற்று அடிக்கிற இடத்தில், நூல் பிடித்ததுபோல ஒரு தார்ச்சாலை. இரண்டே லேன். நடுவில் ஒரு கம்பம், அதில் மேலிருந்து கீழாக விளக்குகள்.

வலது லேனில் டொயோட்டா சூப்ரா டர்போ. மூன்று லிட்டர் இன்ஜின், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 320 குதிரைத்திறன். புதிதாக வாங்கினால் அன்றைக்குக் கிட்டத்தட்ட 40,000 டாலர். உள்ளே இருப்பவனுக்கு இருபத்து மூன்று வயது. செகண்ட் ஹேண்டில், மாதத் தவணையில் வாங்கியிருக்கிறான். இடது லேனில் பதினோரு வருடப் பழசான கறுப்பு ப்யூக் கிராண்ட் நேஷனல். பெட்டி மாதிரி உடம்பு. பின் சீட்டில் தாராளமாகக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய் வரலாம். ஓட்டுகிறவருக்கு அறுபதை ஒட்டிய வயது. இருவருக்கும் பெயர் வேண்டாம். இப்படி ஒரு பையனும் இப்படி ஒரு பெரியவரும் இல்லாத டிராக் ரேஸ் மைதானம் அமெரிக்காவில் கிடையாது.

பச்சை விழுந்தது. சூப்ராவின் பின் டயர்கள் அலறின. வெள்ளைப் புகை எழும்பியது. வண்டி பின்பக்கத்தை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல நகர்ந்தது. அதற்குள் ப்யூக், சத்தமே இல்லாமல், பின்புறத்தைத் தாழ்த்தி உட்கார்ந்து எழுந்து போயே போய்விட்டது. பிறகு சூப்ரா துரத்திய துரத்தலைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனாலும் கோட்டைத் தொடும்போது ப்யூக் மூன்று கார் நீளம் முன்னால் இருந்தது.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அறை. ஜன்னல் வழியாக ஆளுக்கொரு சீட்டு கொடுப்பார்கள். ரேஷன் கடை ரசீது அளவுதான் இருக்கும். பையன் வாங்கிப் பார்த்தான். கடைசிக் கோட்டைத் தாண்டும்போது ப்யூக்கின் வேகம் மணிக்கு 161 கிலோமீட்டர். அவனுடைய வேகம் 174. தோற்றவன்தான் அதிக வேகத்தில் போயிருக்கிறான்.

பெரியவர் எட்டிப் பார்த்தார். "கீழே இருக்கறதை விடு. மேலே பாரு" என்றார். மேலே ‘60 அடி’ என்று போட்டு 2.48 என்று இருந்தது. அவருடைய சீட்டில் 1.95. "அங்கேயே முடிஞ்சுபோச்சு. மிச்சம் எல்லாம் வேடிக்கை."

டிராக் ரேஸின் மொத்த தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். அதில் முதல் 60 அடி என்பது 18 மீட்டருக்குச் சற்று மேல். நம்மூர்க் கணக்கில் சொன்னால், 40-க்கு 60 என்று பத்திரத்தில் எழுதும் ஒரு கிரவுண்டு மனையின் நீளம். வாசலில் கிளம்பி கொல்லைப்புறத்தைத் தொடுகிற தூரம். ஆனால், அங்கே ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கை விட்டால், கடைசியில் அது ஒன்றரை அல்லது இரண்டு மடங்காகத் திரும்பி வரும் என்பது டிராக் ரேஸ்காரர்களின் வாய்ப்பாடு. ஆரம்பத்தில் பிடிபடாத வேகம், அடுத்து வரும் ஒவ்வொரு அடியிலும் குறைகிறது. பையன் அரை வினாடியைத் தொலைத்திருந்தான். அதை மீட்க 320 குதிரைகள் போதவில்லை.

சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஜாதகம் மாதிரி. கடைசி வேகம் இன்ஜினின் யோக்கியதையைச் சொல்லும். மொத்த நேரம் ஓட்டுநரின் யோக்கியதையைச் சொல்லும். வேகம் அதிகமாகவும் நேரமும் அதிகமாகவும் இருந்தால், கார் நல்ல கார், ஓட்டுகிறவர் இன்னும் பழக வேண்டும் என்று அர்த்தம். காசு கொடுத்துக் குதிரைத்திறனைக் கூட்டிக்கொள்ளலாம். மேல் வரியில் இருக்கிற அந்த எண்ணைக் குறைக்க எந்தக் கடையிலும் சாமான் விற்பதில்லை. டயர் மட்டும் விற்பார்கள். அதுவும் பாதி மருந்துதான்.

அனலே மிதிக்கும் துருத்தி

டர்போ காரைக் கிளப்புவது ஏன் அத்தனை சிரமம்? கொல்லன் உலையை நினைத்துக்கொள்ளுங்கள். துருத்தியை மிதித்தால் காற்று வரும், காற்று வந்தால் நெருப்பு வளரும். இப்போது துருத்தியை மிதிக்க ஆள் இல்லை, நெருப்பின் அனலே அதை மிதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு சின்னதாக இருக்கும்வரை துருத்தி மெதுவாகத்தான் அசையும். துருத்தி மெதுவாக அசையும்வரை நெருப்பும் வளராது. திடீரென்று ஒரு கட்டத்தில் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிட, உலை திகுதிகுவென்று எழும்.

டர்போவும் அதேதான். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகிற புகையிலிருந்து பலம் எடுக்கும் இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் ப்யூக்கி 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். (இவருக்கும் ப்யூக் காருக்கும் சம்பந்தமில்லை.) காரில் வந்து சேர 1962 ஆயிற்று. ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரும் செவர்லே கோர்வேரும் அந்த வருடம் டர்போவோடு விற்பனைக்கு வந்தன. 1975-ல் வந்த போர்ஷே 911 டர்போ, இந்தத் தாமதத்துக்குப் பெயர் பெற்றது. வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒன்றும் நடக்காது. ஓட்டுநர் இன்னும் கொஞ்சம் மிதிப்பார். அப்போது மொத்த பலமும் ஒரே மூச்சில் வந்து இறங்கும். அதற்கு ‘விதவையாக்கி’ என்று பட்டப் பெயர் வைத்தார்கள். வேடிக்கையாக வைத்த பெயர் இல்லை.

சூப்ராவில் டொயோட்டா இன்ஜினீயர்கள் கொஞ்சம் புத்திசாலித்தனம் செய்திருந்தார்கள். இரண்டு டர்போவில் ஒன்று மட்டும் முதலில் வேலை செய்யும். 4,000 ஆர்பிஎம்மை நெருங்கும்போது இரண்டாவது வந்து சேரும். சாலையில் ஓட்டுவதற்கு அருமையான ஏற்பாடு. ஆனால், நின்ற இடத்திலிருந்து எகிறிக் கிளம்ப வேண்டியவனுக்கு, ஒரு வாசலுக்குப் பதில் இரண்டு வாசல்.

பிரச்னையின் மறு பாதி டயரில் இருக்கிறது. எவ்வளவு பெரிய கார் ஆனாலும், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுகிற இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம்தான். பின் சக்கரத்தால் ஓடும் வண்டி என்றால், ஒன்றரை டன் எடையை முன்னால் எறிய இரண்டு உள்ளங்கைகள்! டயர் தரையைப் பிடித்திருக்கும்வரை தள்ளும். பிடி விட்டுச் சுழல ஆரம்பித்தால், அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் புகைதான். சேற்றில் மாட்டிய டூவீலரை முறுக்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, டர்போ ‘இன்னும் மிதி, இன்னும் மிதி’ என்கிறது. டயர் ‘போதும், போதும்’ என்கிறது. இரண்டுக்கும் நடுவே இடது காலில் ஒரு கிளட்ச். லாஞ்ச் என்கிற வித்தை முழுக்க அந்த இடைவெளிக்குள் இருக்கிறது.

அன்று இரவு இரண்டாவது ஓட்டத்தில் பையன் பயந்துபோய் 2,500 ஆர்பிஎம்மில் கிளட்ச்சை விட்டான். புகை இல்லை, அலறல் இல்லை. வண்டி தலையைக் குனிந்து திணறிவிட்டு, டர்போ விழித்துக்கொண்ட பிறகுதான் ஓடியது. 60 அடிக்கு 2.52. முன்னதைவிட மோசம்.

ப்யூக்கும் டர்போ கார்தான். 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர். ஆனால் ஆட்டோமேடிக் கியர். பெரியவர் இடது காலால் பிரேக்கை அழுத்தி வண்டியைப் பிடித்துக்கொண்டு, வலது காலால் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். வண்டி நகர முடியாமல் முண்டும். இன்ஜினுக்கு வேலைச்சுமை ஏறும், புகை கூடும், டர்போ சுழலத் தொடங்கும். ஆளில்லாமல் துருத்தியை மிதிக்க வைத்துவிட்டார் என்று பொருள். விளக்கு வந்ததும் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதுதான் பாக்கி. 1987-ல் இந்த வரிசையின் கடைசிக் காராக ஜிஎன்எக்ஸ் என்று 547 மட்டும் செய்தார்கள். பத்திரிகைச் சோதனைகளில் அது கால் மைலை 13.5 வினாடியில் கடந்தது. அமெரிக்காவின் பெருமைக்குரிய ஸ்போர்ட்ஸ் கார்களின் உரிமையாளர்கள், ஒரு குடும்பக் கார் தங்களைத் தாண்டிப் போவதைப் பார்க்க நேர்ந்தது அந்த வருடங்களில்தான்.

போலீஸ் கொடுத்த மைதானம்

பையன் இந்த மைதானத்துக்கு வந்ததே ஒரு சண்டைக்குப் பிறகு. அவனுடைய நண்பர்கள் சனிக்கிழமை நள்ளிரவில் தொழிற்பேட்டைச் சாலையில் ஓட்டுகிறவர்கள். "காசு கொடுத்து எவனாவது ரேஸ் ஓட்டுவானா?" என்று கேட்டார்கள். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. சீட்டும் கிடையாது. அதனால் எல்லோருமே ஜெயித்தவர்கள். குறுக்கே ஒரு லாரி திரும்பினால் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் மிச்சம். ஒரு தடவை அப்படித் திரும்பிய லாரிக்கும் தன் காருக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பையன் பார்த்துவிட்டான். அதற்கடுத்த புதன்கிழமைதான் இங்கே வந்தான்.

இந்தச் சண்டை அவன் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை வாங்கி, பிரித்து, மாட்டி, கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளிலும் தெருக்களிலும் பறந்தார்கள். செய்தித்தாள்கள் திட்டின. உயிர்களும் போயின. 1950-ல் சான்டா ஆனாவில் சி.ஜே.ஹார்ட் என்பவர் விமான நிலையத்தின் ஓடுபாதையில் முறையான பந்தயம் நடத்தத் தொடங்கினார். நுழைவுக் கட்டணம் 50 சென்ட். அவர் மனைவி பெக்கியும் அங்கே கார் ஓட்டி ஆண்களைத் தோற்கடித்தார். அடுத்த வருடம் ‘ஹாட் ராட்’ பத்திரிகையின் ஆசிரியர் வாலி பார்க்ஸ், என்ஹெச்ஆர்ஏ என்ற தேசிய அமைப்பைத் தொடங்கினார். 1953-ல் அந்த அமைப்பின் முதல் பந்தயம் பொமோனாவில் நடந்தபோது, கூடவே நின்றது உள்ளூர் போலீஸ். பையன்களைத் துரத்தி அலுத்துப்போன பொமோனா போலீஸார், ஓட்டத்தானே வேண்டும், இங்கே ஓட்டுங்கள் என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். அந்த ஊர் போலீஸ் சார்ஜென்ட் ஒருவரே பிறகு வேலையை விட்டு, ஊர் ஊராகப் போய்ப் பாதுகாப்பாகப் பந்தயம் நடத்தக் கற்றுக்கொடுக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

போர்க்கால விமான ஓடுபாதை, பிற்பாடு ரேஸ் மைதானம் என்ற கதை சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்திய சோழவரமும் அப்படிப்பட்ட ஓடுபாதைதான். அங்கே வளைந்து வளைந்து ஓட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

ஆரம்ப நாட்களில் இரண்டு காருக்கும் நடுவில் ஒருவர் கொடியோடு நிற்பார். அவர் கொடியை வீசியதும் கிளம்ப வேண்டும். கெட்டிக்காரர்கள் கொடியைப் பார்க்க மாட்டார்கள். கொடி அசைவதற்கு முன் அவர் தோள்பட்டை எப்படித் துடிக்கிறது என்பதைப் பார்ப்பார்கள். இதனால் வந்த சண்டைகளுக்கு முடிவு கட்ட 1963-ல் விளக்குக் கம்பம் வந்தது. விளக்குகளின் வரிசையைப் பார்த்து ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று பெயர் வைத்தார்கள்.

மரத்தின் கணக்கு இப்படி: முன் சக்கரம் ஓர் ஒளிக்கற்றையை மறைக்கும்போது மேலே சின்ன விளக்கு எரியும். இன்னும் சற்று நகர்ந்து இரண்டாவது கற்றையை மறைத்தால் ‘தயார்’ விளக்கு. இரண்டு காரும் தயாரானதும் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை வினாடி இடைவெளியில் இறங்கும். கடைசி மஞ்சளிலிருந்து அரை வினாடியில் பச்சை. பச்சையைப் பார்த்துவிட்டுக் காலை எடுப்பவர் தாமதமானவர். கண் பார்த்து, மூளை சொல்லி, கால் எழுந்து, டயர் உருண்டு, சக்கரம் கற்றையை விட்டு வெளியேறக் கிட்டத்தட்ட அந்த அரை வினாடி ஆகிவிடும். அதனால் கடைசி மஞ்சளிலேயே கிளம்ப வேண்டும். அன்றைய சீட்டுகளில் .500 என்று வந்தால் குறையே சொல்ல முடியாத புறப்பாடு. .499 என்று வந்தால் சிவப்பு விளக்கு, ஆட்டம் காலி. (இப்போது அந்த .500-ஐ 0.000 என்று அச்சடிக்கிறார்கள். கணக்கு ஒன்றுதான்.)

இதில் ஒரு விநோதம் உண்டு. காரின் ஓட்ட நேரத்தை அளக்கும் கடிகாரம் பச்சை விழும்போது தொடங்குவதில்லை. சக்கரம் கற்றையை விட்டு வெளியேறும்போதுதான் தொடங்குகிறது. பச்சை விழுந்து பத்து வினாடி தூங்கிவிட்டுக் கிளம்பினாலும் ஓட்ட நேரம் பிரமாதமாகவே இருக்கும். ரேஸில் மட்டும் தோற்றிருப்பார். ஒருவர் 13.20 வினாடியில் ஓடியும் 13.40-ல் ஓடியவரிடம் தோற்பது இப்படித்தான்.

கால் கற்றுக்கொண்டது

பெரியவர் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். அவருக்குப் பேசுவதில் விருப்பம் இல்லை.

முதல் பாடம், தண்ணீர். புறப்படும் கோட்டுக்குப் பின்னால் தரையை நனைத்து வைத்திருப்பார்கள். அதில் சக்கரத்தைச் சுழற்றிப் புகை கிளப்பினால் டயர் சூடாகிப் பிசுபிசுப்பு ஏறும். சினிமாவில் பார்த்துவிட்டு எல்லோரும் அதில் போய் நிற்பார்கள். ஆனால் அது பள்ளக் கோடுகள் இல்லாத ரேஸ் டயருக்கான ஏற்பாடு. சாதாரண டயரின் கோடுகளில் தண்ணீர் தங்கி, கோட்டில் வந்து நிற்கும்போது சொட்டும். "உன் டயருக்குச் சுத்திப் போ" என்றார். பையன் அதுவரை ஒவ்வொரு ஓட்டத்திலும் ஈரத்தில் நின்றுதான் கிளம்பியிருந்தான்.

இரண்டாவது, காற்று. பின் டயரில் காற்றைக் குறைத்தால் அது சற்று அகலமாகத் தரையில் படியும். எவ்வளவு என்பது டயருக்கு டயர் மாறும். அளவு தப்பினால் அதிவேகத்தில் வண்டி அலையும்.

மூன்றாவது, செருப்பு. "இந்தத் தடிமன் ஷூவோட கிளட்ச் எங்கே கவ்வுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நான்காவது, ஒரு நோட்டுப் புத்தகம். எத்தனை ஆர்பிஎம், டயரில் எவ்வளவு காற்று, எத்தனை மணி, எவ்வளவு வெயில், 60 அடி நேரம் என்ன என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். உப்பையும் புளியையும் ஒரே நேரத்தில் மாற்றினால் குழம்பு எதனால் கெட்டது என்று எப்படித் தெரியும்?

கிளட்ச்சைப் பற்றிச் சொன்னது ஒரே வாக்கியம்: "அதை விடாதே, கொடு." தடாலென்று காலை எடுத்தால் டயர் சுழலும். அல்லது பின் சக்கரங்கள் தத்தித் தத்தி அச்சை முறிக்கும். மெதுவாக விட்டால் கிளட்ச் கருகும். நடுவில் முக்கால் வினாடிக்கும் குறைவான ஒரு வழுக்கல் இருக்கிறது. அந்த நேரத்தில் இன்ஜின் ஆர்பிஎம் விழாமல் இருக்க வேண்டும், டர்போ தூங்கிவிடக் கூடாது, டயர் லேசாக முனகலாம், கத்தக் கூடாது. புத்தகத்தில் எழுதி வைத்துக் கற்கிற காரியம் இல்லை இது. தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்துச் சூடு பார்ப்பதுபோலக் காதும் காலும் சேர்ந்து பழக வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு கிளட்ச் போயிற்று. பிட்டில் எல்லோருக்கும் அந்தக் கருகல் வாடை தெரியும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒரு மாதச் சம்பளம் அதில் போனது. நண்பர்கள் சிரித்தார்கள். அவன் கேண்டீனில் சாப்பிடுவதை நிறுத்தி வீட்டிலிருந்து சாண்ட்விச் கட்டிக்கொண்டு போனான். செப்டம்பரில் 60 அடிக்கு 2.21. பிறகு 2.14. ஒரே வாரத்தில் மறுபடி 2.40. நோட்டைப் பார்த்தால் அன்றைக்கு நல்ல வெயில், தரை கொதித்து வழவழத்திருந்தது. இரவு ஏற ஏற, காற்று குளிர்ந்து அடர்த்தியாகி டர்போவுக்குத் தீனி கூடும். அதனால் அவன் கடைசி ஓட்டத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தான்.

இந்த விளையாட்டில் கோட்டிலிருந்து கிளம்பும் அந்த நொடிதான் இயந்திரத்துக்கும் மிகக் கொடிய நொடி. 1970 மார்ச்சில், கலிபோர்னியாவின் லயன்ஸ் மைதானத்தில், டிராக் ரேஸின் ஜாம்பவான் டான் கார்லிட்ஸ் இறுதிப் போட்டிக்குக் கிளம்பினார். அந்தக் காலத்து டிராக்ஸ்டரில் இன்ஜின் முன்னால், ஓட்டுநர் அதற்குப் பின்னால், கால்களுக்கு நடுவே கியர்பாக்ஸ். கிளம்பியதுமே அது வெடித்தது. வண்டி இரண்டு துண்டானது. வலது பாதத்தின் ஒரு பகுதியை அவர் இழந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவர் யோசித்தது, இன்ஜினை முதுகுக்குப் பின்னால் வைத்தால் என்ன என்று. அதற்கு முன் சிலர் முயன்று கைவிட்ட யோசனைதான். ஸ்டியரிங் சற்றுத் திருப்பினாலே வண்டி மிரண்டு ஓடியது. திருப்பத்தை மந்தமாக்கிப் பார்த்தபோது சரியாகிவிட்டது. 1971-ல் அந்தக் காரோடு பொமோனாவில் ஜெயித்தார். சில வருடங்களில் முன்பக்க இன்ஜின் டிராக்ஸ்டரே மறைந்துபோனது. ஒரு பாதத்தின் விலையில் எத்தனையோ பேரின் கால்கள் தப்பின.

தெருவில் ஓட்டிப் பழகிப் பிறகு மைதானத்துக்கு வந்த ஷெர்லி மல்டௌனி, 1973-ல் உச்சப் பிரிவான டாப் ஃப்யூயலில் ஓட்ட உரிமம் பெற்ற முதல் பெண் ஆனார். 1977, 1980, 1982 என்று மூன்று முறை சாம்பியன். 1984-ல் ஒரு விபத்தில் இரண்டு கால்களும் நொறுங்கின. இரண்டு வருடம் கழித்து மறுபடி வந்து கோட்டில் நின்றார். அவருக்குத் தன்னை நிரூபிக்க அந்தச் சீட்டு போதுமானதாக இருந்தது. அதில் ஓட்டியவர் ஆணா பெண்ணா என்று ஒரு கட்டம் கிடையாது.

பொத்தானுக்கு வந்த வித்தை

பையன் கிளட்ச் கருக்கிக் கற்றுக்கொண்டதை, பத்தே வருடத்தில் கார் தானாகவே செய்ய ஆரம்பித்தது. 2007 கடைசியில் ஜப்பானில் வந்த நிஸான் ஜிடி-ஆர் நல்ல உதாரணம். 3.8 லிட்டர், இரண்டு டர்போ, 480 குதிரைத்திறன். யோகஹாமா தொழிற்சாலையில் ஒவ்வோர் இன்ஜினையும் ஒரே கைவினைஞர் தன் கையால் பூட்டினார். அந்தக் காரில் சில ஸ்விட்சுகளைத் தட்டி, இடது காலால் பிரேக்கை மிதித்து, வலது காலை முழுக்க அழுத்தினால், கம்ப்யூட்டர் இன்ஜினைத் தேவையான ஆர்பிஎம்மில் நிறுத்தி வைக்கும். பிரேக்கை விட்டால் போதும். கிளட்ச்சை எவ்வளவு வழுக்க வைப்பது, எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பலம் அனுப்புவது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. நான்கு சக்கரமும் தள்ளும் என்பதால் உள்ளங்கையும் இரண்டுக்கு நான்கு.

ஆனால், அந்த இரண்டு வாசலுக்கு நடுவே உள்ள இடைவெளியில் யாரோ ஒருவர் தேய வேண்டும் என்ற விதி மாறவில்லை. ஆரம்ப ஜிடி-ஆர்களில் 4,500 ஆர்பிஎம்மில் கிளம்பிக் கிளம்பிப் பார்த்ததில் சிலருக்குக் கியர்பாக்ஸே போனது. பிறகு வந்த மென்பொருளில் அந்த எண்ணைக் குறைத்துவிட்டார்கள். குறைத்த பின்னும் வண்டி அதே விறுவிறுப்பில்தான் கிளம்பியது. பெரியவரிடம் சொல்லியிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

லாஞ்ச் கன்ட்ரோல் வந்தபின் 60 அடி நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லாமல் போயிற்று. முதல் தடவை உட்காருகிறவரும் பழகியவரைப்போலக் கிளம்பலாம். வித்தை செத்துவிட்டது என்று புலம்புகிற பழைய ஆட்கள் உண்டு. பாதி நியாயம்தான். கார் எப்படிக் கிளம்ப வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. எப்போது கிளம்ப வேண்டும் என்பதை மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதன்தான் இன்னமும் முடிவு செய்கிறான். அந்த மனிதனுக்குப் பதற்றம் வரும்.

1998-க்கே திரும்புவோம். அக்டோபர் கடைசி, சீசனின் முடிவு. இரவு பத்து மணி தாண்டிவிட்டது, நல்ல குளிர். தெருக் கூட்டத்து நண்பர்களில் இரண்டு பேர் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். கட்டணம் கட்டித்தான் உள்ளே வந்திருந்தார்கள். பெரியவரும் பையனும் மறுபடி எதிரெதிர் லேனில். தோற்றவர் இரவுச் சாப்பாடு வாங்கித்தர வேண்டும் என்பது பேச்சு.

பையன் ஈரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தான். மெல்லிய ஷூ. முதல் விளக்கு எரிந்தது. ஒரு விரல் அளவு நகர்ந்து நிறுத்தினான், இரண்டாவது எரிந்தது. ப்யூக் முண்டிக்கொண்டு நின்றது. மஞ்சள், மஞ்சள், மஞ்சள்.

கிளட்ச்சைக் கொடுத்தான். டயர் ஒரே ஒரு தடவை முனகிவிட்டுத் தரையைக் கவ்வியது. ஆர்பிஎம் முள் விழவில்லை. முதல் டர்போ இருந்தது, இரண்டாவது வந்து சேர்ந்தது, முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ப்யூக் கண்ணாடியில் பின்னால் போனது. கோட்டைத் தாண்டும்போது நான்கு கார் நீளம் முன்னால் இருந்தான். வேலி ஓரத்தில் நண்பர்கள் குதித்தார்கள்.

ஜன்னலில் சீட்டு வாங்கினான். 60 அடி: 1.98. மொத்தம்: 13.18. வாழ்க்கையிலேயே சிறந்த ஓட்டம். அதற்கு மேல் வரியில் .497 என்றிருந்தது. ஒரு வினாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு முந்திவிட்டான். அவன் லேனில் பச்சை எரியவே இல்லை. சிவப்பு எரிந்ததை அவன் மட்டும் பார்க்கவில்லை.

பெரியவர் சீட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். நிறைய நேரம் படித்தார்.

"இதை வெச்சுக்கோ" என்று திருப்பிக் கொடுத்தார். "எனக்கு ரெண்டு பர்கர்."